லீஸ் 80 வருடத்துக்குக் கீழே இறங்குமுன்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்றை 2012-ல் நானும் கணவரும் சேர்ந்து வாங்கினோம். 99 வருட லீஸ் என்றார்கள். இன்னும் 85 வருடம் இருக்கும் என்று நினைத்திருந்தோம். போன வாரம் பிரீஹோல்டரின் (லீஸ் முடிந்தால் பிளாட் திரும்பப் போகும் நிலச் சொந்தக்காரர்) ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. 6,500 பவுண்டு கட்டினால் லீஸை 125 வருடமாக்கித் தருவார்களாம். கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) வருடத்துக்கு 150 பவுண்டு அப்படியே தொடருமாம். "சட்டப்படி போனால் சொலிசிட்டர் செலவுக்கே கட்டுப்படியாகாது, பேசாமல் ஒத்துக்கொள் அக்கா" என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்? பிளாட் இன்று சுமார் 3 லட்சம் பவுண்டு பெறும். லீஸின் முதல் பக்க நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: '2007 செப்டம்பர் 29 முதல் 99 வருடம்'. வருடம் ஓடத் தொடங்குவது இந்தத் தேதியிலிருந்து. நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பது லீஸுக்குத் தெரியாது. ஆக உங்கள் லீஸ் 2106 செப்டம்பரில் முடிகிறது. கையில் இருப்பது 85 இல்லை, 80 வருடமும் சில மாதங்களும்தான். 2026 செப்டம்பர் கடைசி வாரத்தில் அது 80-க்கு வந்து நிற்கும். ஏஜென்டுக்கு இந்தத் தேதி நன்றாகவே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

80-ல் அப்படி என்ன இருக்கிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிளாட் லீஸை நீட்டும் உரிமையை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. மிச்சமிருக்கும் வருடங்களோடு இன்னும் 90 வருடம் சேரும், கிரவுண்ட் ரென்ட் இல்லாமல் போகும். சட்ட மொழியில் வாடகை 'ஒரு மிளகு', அதையும் கேட்டால் கொடுத்தால் போதும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே ஏழு தலைமுறைக்குக் காணும்! இதற்காக பிரீஹோல்டருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். 80 வருடத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்வரை அது அவர் இழக்கும் வாடகைக்கும், என்றோ ஒருநாள் அவரிடம் திரும்ப வேண்டிய பிளாட்டின் இன்றைய மதிப்புக்கும் ஈடு, அவ்வளவுதான். 80-ஐத் தொட்டுவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்று கூட வந்து ஒட்டிக்கொள்ளும். லீஸை நீட்டுவதால் கூடும் மதிப்பில் பாதி அவருக்குப் போகும். காசும் நம்முடையது, வீடும் நம்முடையது, லாபத்தில் பாதி அவருடையது.

உங்கள் பிளாட்டுக்கே போட்டுப் பார்த்தேன். என்றோ வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்க வழக்கமாக எடுத்துக்கொள்ளும் விகிதம் 5 சதவீதம், வாடகைக்கு 6 சதவீதம், வாடகை இடையில் ஏறாது என்று வைத்துக்கொண்டால் பிரீஹோல்டருக்குத் தர வேண்டியது இப்போது சுமார் 8,300 பவுண்டு வருகிறது. ஒரு வருடம் கழித்து, 79 வருடம் சொச்சம் இருக்கும்போது, நீட்டாத லீஸோடு பிளாட் 2,80,000 மட்டும்தான் பெறும் என்று சர்வேயர் (சொத்து மதிப்பீட்டாளர்) சொன்னால் அதே கணக்கு 14,000-ஐத் தாண்டுகிறது. இது தோராயம்தான், லீஸ் நீட்டிப்பு தெரிந்த சர்வேயர் எழுதித் தருவதே நோட்டீஸுக்கு உதவும். அந்த 6,000 வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள்.

இப்போது ஏஜென்டின் 6,500-க்கு வருவோம். மலிவாகத் தெரிகிறது. ஆனால் 80-லிருந்து 125 என்றால் கிடைப்பது 45 வருடம். சட்டப்படி போனால் 170 ஆகும். ஏஜென்ட் வழியில், இப்போதைய லீஸில் மிச்சமிருக்கும் காலம் முழுக்க வருடம் 150 பவுண்டு கட்டிக்கொண்டே இருப்பீர்கள். தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது: சட்டப்படி போனால் உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவோடு பிரீஹோல்டர் தரப்பின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் இப்போதைக்கு உங்கள் தலையில்தான் விழும். ஆனால் எனக்குக் காசைவிடப் பெரிய கவலை வேறு. இந்தக் கடிதம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. 'பத்திரம் தயாராகிறது', 'டைரக்டர் லீவில் இருக்கிறார்' என்று அக்டோபர்வரை இழுத்துவிட்டு, விலை மாறிவிட்டது என்று சொன்னால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஈமெயில் ஈமெயிலாக எட்டு மாதம் இப்படித்தான் போனது. கடைசியில் 79 வருடம் 11 மாதத்தில் வந்து நின்றார்.

அதனால் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே செக்‌ஷன் 42 நோட்டீஸ் (லீஸை நீட்டித் தரச் சொல்லும் சட்டப்படியான கோரிக்கை) கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளில் மதிப்பீட்டுத் தேதி நின்றுவிடும். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை எத்தனை மாதம் இழுத்தாலும் லீஸ் கணக்கு 80-க்கு மேல்தான். பேரம் பேசுவதற்கும் தடையில்லை, ஏஜென்ட் நல்ல விலைக்கு இறங்கி வந்தால் அப்போது யோசிக்கலாம்.

பிளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது. நோட்டீஸும் இருவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். கணவர் ஊருக்குப் போகிறார் என்றால் கையெழுத்து விஷயத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நோட்டீஸில் நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகையை எழுத வேண்டும். குறைவாக எழுதலாம், சிரிப்புக்கிடமாக எழுதக் கூடாது, நோட்டீஸே செல்லாமல் போகலாம். நீங்கள் எழுதியதில் பத்து சதவீதத்தையோ 250 பவுண்டையோ, எது கூடவோ அதை, டெபாசிட்டாக பிரீஹோல்டர் கேட்கலாம். பதில் தர அவருக்குக் குறைந்தது இரண்டு மாதம் விட வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது அதற்கப்புறம்தான். அவருடைய பதில் நோட்டீஸ் வந்து, விலை ஒத்துப்போகாவிட்டால், பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் டிரிபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) விண்ணப்பித்தாக வேண்டும். முதல் இரண்டு மாதம் விண்ணப்பிக்க முடியாது, ஆறாவது மாதம் தாண்டினால் உங்கள் நோட்டீஸ் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். மறுபடி கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அதற்குள் லீஸ் 80-க்குக் கீழே இறங்கியிருக்கும்! சொலிசிட்டரிடம் முதல் நாளே இந்தத் தேதியைக் கேட்டு வாங்கி, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

'புதுச் சட்டம் வருகிறது, பொறுங்கள்' என்று யாராவது சொல்வார்கள். 2024-ஆம் ஆண்டுச் சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழித்து 990 வருடம் தரும் என்பது உண்மை. பிரீஹோல்டர்கள் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடியும் செய்தது. ஆனால் அந்தப் பகுதிகள் இன்னும் அமலுக்கு வரவில்லை. 65 வருடத்தில் இருப்பவர் காத்திருந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

கேள்வி: 72 வருட லீஸ் உள்ள பிளாட் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகுதான் நீட்ட முடியுமாமே? — வாசகர், குரொய்டன்

பதில்: அந்த இரண்டு வருடக் காத்திருப்பு 2025 ஜனவரி 31-லிருந்து இல்லை. ஆனாலும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறிய பிறகே நோட்டீஸ் கொடுக்க முடியும், அது ஏறவே சில சமயம் மாதக்கணக்கில் ஆகிறது. விற்பவரையே இப்போது நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அந்த உரிமையை விற்பனையோடு சேர்த்து உங்களுக்கு மாற்றி எழுதிக்கொள்வது பழைய வழி, இன்றும் நல்ல வழி. மேரேஜ் வேல்யூ சேர்ந்த நீட்டிப்புத் தொகை எவ்வளவு என்று சர்வேயரிடம் கேட்டு, அதை விலையில் குறைத்துப் பேசுங்கள். 72-க்கு மார்ட்கேஜ் தருவார்களா என்று உங்கள் பேங்கிடம் அதற்கும் முன்னால் கேளுங்கள்.