ஏவுகணையும் லேசர் கதிரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லேசர் ஒளியின் வேகத்தில் பாய்வதால் எந்த ஏவுகணையும் அதனிடமிருந்து தப்ப முடியாது என்கிறார்கள். பிறகு ஏன் இன்னும் ஏவுகணையை ஏவுகணையால் தடுக்கிறார்கள்?

பதில்: பாய்வது ஒளியின் வேகத்தில்தான், ஆனால் பட்ட மாத்திரத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை. நூறு கிலோமீட்டர் தொலைவைக் கதிர் கடந்து முடிப்பதற்குள், நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏவுகணை முக்கால் மீட்டர்கூட நகர்ந்திருக்காது. கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது: ஓடிக்கொண்டிருக்கும் அந்த உடலின் ஒரே இடத்தில் கதிர் சில நொடிகள் விலகாமல் நின்று தகட்டைச் சூடாக்க வேண்டும். திரைப்படங்களில் வருவதுபோல ஏவுகணை இரண்டாக அறுபடுவதில்லை. மேலெழும் கட்டத்தில் எரிபொருள் தொட்டிக்குள் அழுத்தம் இருக்கும். சுவர் சூட்டில் வலுவிழந்ததும் அந்த அழுத்தமும், முடுக்கத்தால் உடல் தாங்கும் சுமையும் சேர்ந்து அதைக் கிழித்துவிடுகின்றன. பாதி வேலையை ஏவுகணையே செய்துகொள்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

எஞ்சின் எரிந்து முடிந்தபின் இந்த வாய்ப்பு போய்விடுகிறது. வெடிகுண்டைத் தாங்கிய முனைப்பகுதி, வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே கவசமிடப்பட்டது. அதைப் போய்ச் சுட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. ஆகவே ஏவப்பட்ட முதல் சில நிமிடங்களே லேசருக்குக் கிடைக்கும் அவகாசம்.

கேள்வி: விமானத்தில் லேசரைப் பொருத்தி ஏவுகணையை வீழ்த்திக் காட்டிய அமெரிக்கா, அத்திட்டத்தை ஏன் கைவிட்டது?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஒய்ஏஎல்-1 என்ற விமானம். போயிங் 747 சரக்கு விமானம் ஒன்றினுள் ஆக்சிஜனும் அயோடினும் கொண்டு இயங்கும் ரசாயன லேசரை அமைத்து, அதன் மூக்கில் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய பெரிய ஆடியை வைத்திருந்தார்கள். முதன்மைக் கதிர் புறப்படுவதற்கு முன் இரண்டு சிறிய லேசர்கள் வேலை செய்யும். ஒன்று இலக்கின் மீது ஒளி பாய்ச்சி அதைத் தொடரும். மற்றொன்று இடையிலுள்ள காற்றின் கலக்கத்தை அளந்து சொல்லும். அந்த அளவுக்கேற்ப ஓர் ஆடி தன் வளைவை இடைவிடாமல் மாற்றிக்கொண்டு, காற்று செய்யப்போகும் சிதைவை முன்கூட்டியே ஈடுசெய்யும். எனக்கு இந்த ஆராய்ச்சியின் மிக அழகான பகுதி இதுதான்.

2010 பிப்ரவரி 11 அன்று கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால், கடலிலிருந்து ஏவப்பட்ட திரவ எரிபொருள் ஏவுகணையை அது இரண்டு நிமிடங்களுக்குள் அழித்தது. ஆனால் பயனுள்ள தொலைவில் சுட வேண்டுமானால், எதிரியின் எல்லையை ஒட்டியோ அதைத் தாண்டியோ, அவ்வளவு பெரிய விமானம் நாள்கணக்கில் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போதைய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், அந்த விமானத்தில் இருந்ததைவிட 20 முதல் 30 மடங்கு ஆற்றலுள்ள லேசர் தேவைப்படும் என்று 2009-லேயே கூறியிருந்தார். 500 கோடி டாலருக்கு மேல் செலவான பின்பு, 2011 இறுதியில் திட்டம் நிறுத்தப்பட்டது.

கேள்வி: ஏவுகணைக்குக் கண்ணாடிபோலப் பளபளப்பு ஏற்றிவிட்டால் கதிர் திரும்பிவிடாதா?

பதில்: முழுவதும் திரும்பாது. நூற்றில் 99 பங்கைத் திருப்பும் பரப்பின் மீது ஒரு மெகாவாட் விழுந்தால், மீதமுள்ள ஒரு பங்கே 10 கிலோவாட். அந்தச் சூட்டில் பளபளப்பு கெட்டுவிட்டால் உள்ளிழுக்கும் பங்கும் ஏறிக்கொண்டே போகும். புகையும் தூசும் படியாத ஏவுகணையும் கிடையாது. எதிரிக்கு அதைவிட எளிய வழி, ஏவுகணையைச் சுழலவிட்டுச் சூட்டை உடல் முழுதும் பரப்பிவிடுவது.

கேள்வி: அப்படியானால் இன்று ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

பதில்: நச்சு ரசாயனங்களைச் சுமந்து திரியத் தேவையில்லாத, மின்சாரத்தில் இயங்கும் ஒளியிழை லேசர்களுக்கு மாறிவிட்டது. சற்றே வேறுபட்ட அலைநீளங்களையுடைய பல இழைகளின் கதிர்களை ஒன்றாகச் சேர்த்து, 300 கிலோவாட் அளவை 2022-இல் அமெரிக்காவில் எட்டினார்கள். அதே ஆண்டு இஸ்ரேல் தன் அயர்ன் பீம் லேசரால் டிரோன்களையும் சிறு ராக்கெட்டுகளையும் சோதனையில் வீழ்த்தியது. இவை சில கிலோமீட்டர் தொலைவுக்கான கருவிகள். கண்டம் தாண்டும் ஏவுகணைகள் இவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. அடர்ந்த மேகம் குறுக்கிட்டால் அந்தச் சில கிலோமீட்டரும் கிடைக்காது என்பதால், இஸ்ரேலும் இதைத் தடுப்பு ஏவுகணைகளுக்குத் துணையாகவே வைத்துக்கொள்கிறது.