பீன்ஸ் செடி இலை தினமும் ஓட்டையாகிறது, பகலில் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பகலில் எதுவும் கண்ணில் படவில்லை என்கிறீர்களே, அதுவே பாதித் துப்பு. பீன்ஸைத் தின்கிற பலதும் இரவில்தான் மேய வரும். நன்றாக இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலையில் மாட்டுகிற டார்ச் என்றால் இன்னும் வசதி. தோட்டத்துக்கென்று நான் வாங்கியதில் எந்த மருந்தும் அந்த அளவுக்கு உதவியதில்லை.

கடித்த தடமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒழுங்கில்லாத பெரிய ஓட்டைகள், பக்கத்தில் காய்ந்த பசை போல மின்னும் கோடு இருந்தால் நத்தை; ஓடில்லாத நத்தையாகவும் இருக்கலாம். நரம்புகளுக்கு இடையில் குத்தி எடுத்தாற்போல சின்னச் சின்ன வட்ட ஓட்டை என்றால் பெரும்பாலும் வண்டு. நேற்று நன்றாக நின்ற நாற்று காலையில் மண் மட்டத்தில் அறுந்து கிடந்தால் வெட்டுப்புழு. செடியைச் சுற்றி மேல்மண்ணை விரலால் கிளறுங்கள், சுருண்டு படுத்திருக்கும். ஓட்டையே இல்லாமல் இலை பொடிப்பொடிப் புள்ளியாக வெளுக்கிறது, வெயிலும் கடுமை என்றால் செஞ்சிலந்தியைச் சந்தேகப்படலாம். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான்.

கொழுந்தும் தண்டும் சேர்ந்தே காணாமல் போனால் அது பூச்சியின் வேலை இல்லை. முயல் கடித்த இடம் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல இருக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது, பிய்த்து இழுக்கும், அதனால் நுனி கிழிந்து தொங்கும். இரண்டுக்கும் வேலிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. புள்ளி போட்ட வண்டைப் பார்த்ததும் "நல்ல பூச்சி" என்று விட்டுவிடுவோம். அசுவினியை, அதாவது கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியை, தின்னும் பொறிவண்டு நல்லதுதான். ஆனால் அதே குடும்பத்தில் இலை தின்னும் வண்டுகளும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தில் பேர்போன மெக்சிகோ பீன்ஸ் வண்டு அப்படிப்பட்டது: செம்பு நிறம், முதுகில் 16 கறுப்புப் புள்ளி. இந்தச் சாதி வண்டுகள் இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று சல்லடையாக்கிவிடும். முதுகு பளபளக்காமல் மங்கலாக இருக்கும், புழுவுக்கு உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். இரண்டு கூட்டமுமே இலையடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடும். அதனால் முட்டையைக் கண்டவுடன் நசுக்காதீர்கள். பக்கத்து இலைகள் சல்லடையாக இருந்தால் நசுக்கலாம், அசுவினி மொய்த்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் பெரும்பாலும் எளிது. நத்தைக்கு ஒரு பலகையை மண்ணில் கவிழ்த்துப் போட்டு, காலையில் தூக்கி, அடியில் ஒண்டியிருப்பவற்றைப் பொறுக்கிவிடலாம். தண்ணீர் ஊற்றுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினால் இரவில் மண் காய்ந்திருக்கும், அதன் நடமாட்டம் குறையும். முட்டை ஓடு தூவினால் வராது என்பார்கள்; என் தோட்டத்து நத்தைகள் அதன்மேலேயே ஏறிப் போயின. வெட்டுப்புழுவுக்கு, அடி நீக்கிய காகிதக் கப்பை நாற்றைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் செருகினால் போதும். அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சியே உதிர்த்துவிடலாம். எறும்பு வரிசை இருந்தால் அதையும் தடுக்க வேண்டும், அசுவினி கசியவிடும் தித்திப்பு நீருக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கும்.

இதற்குப் பிறகும் அடித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு மென்மையான திரவ சோப்பு. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து மறுநாள் பாருங்கள். வெயில் சாய்ந்த பிறகு, தேனீ நடமாட்டம் ஓய்ந்ததும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். காயைத் துளைக்கும் புழு வந்தால், உள்ளே போவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். போன பிறகு எதை அடித்தாலும் வீண், துளை விழுந்த காயைப் பறித்து அழிப்பதுதான் வழி.

அப்புறம், ஓட்டையைப் பார்த்து ரொம்பப் பதற வேண்டாம். நன்றாக வேர்பிடித்த செடி, பூக்கும் முன் இலையில் கால்பங்கை இழந்தாலும் தேறிக் காய்த்துவிடும். முதல் இரண்டு இலை நிலையில் இருக்கும் நாற்றுக்குத்தான் நிஜமான ஆபத்து. விதைத்த அன்றே மெல்லிய வலையால் மூடிவிடுங்கள், ஓரங்களில் மண் போட்டு இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். சாதாரண பீன்ஸ் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது என்பதால் பூத்த பிறகும் வலையை எடுக்கத் தேவையில்லை. சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் பீன்ஸ் என்றால் மட்டும் தேனீ வந்தாக வேண்டும், பூ விட்டதும் திறந்துவிடுங்கள்.