நாள்பட்ட நோயோடு உடற்பயிற்சி: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: வயசு 58. காலை 6 மணிக்கு கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்துல ஒரு மணி நேரம் நடக்கிறேன். கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. நடையை விட்டுடலாமா?

விடாதீங்க சார், நேரத்தை மாத்துங்க. நீங்க சொல்றது லோ சுகர். அந்த மாத்திரை நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதே நேரத்துல நடக்கிற காலும் சர்க்கரையை இழுத்துக்கும். மாத்திரையை டிபனை ஒட்டிப் போடுங்க. மூணு வேளையும் சாப்பிட்டு அரை மணி கழிச்சு 10, 15 நிமிஷம் நடந்தா போதும். கிளம்பும்போது மீட்டர்ல 100-க்குக் கீழ இருந்தா ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டுப் போங்க. சட்டைப் பையில 3 டீஸ்பூன் சர்க்கரை பொட்டலமா இருக்கணும். நடுங்கினா உட்கார்ந்து, அதைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க. 70-க்குக் கீழயே நின்னா இன்னொரு தடவை குடிங்க. இப்படி ஆகுதுன்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

ஷூ போடும் முன்னாடி உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்க. சர்க்கரை நோயால மரத்த காலுக்கு கல் குத்துறது தெரியாது.

எண்ணூர்: அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நுரையீரல் நோய். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.

ரெண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓய்வு, அஞ்சு சுத்து. மூக்கால ரெண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவிச்சு நாலு எண்ணி விடணும். மூச்சை விடும்போது படி ஏறணும், இழுக்கும்போது நிக்கணும். நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடியலைன்னா வேகம் அதிகம். மார்கழி விடியற்காலையில புகை தரையோட தங்கி நிக்கும். அப்போ வெளியே வேண்டாம், வீட்டுக்குள்ளயே நடக்கட்டும்.

வியாசர்பாடி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசம். இடது பக்கம் பலமில்லை. வீட்டுல என்ன செய்யலாம்?

உட்கார்ந்து எழுந்திரிக்கிறது. இதைவிட உபயோகமான பயிற்சி வீட்டுல இல்லை. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். போர்வையை மடிச்சுப் போட்டு உயரத்தைக் கூட்டுங்க. பெரும்பாலும் நல்ல காலை ஊன்றியே எழுந்துடுவாங்க, பலமில்லாத கால் அப்படியே இருந்துடும். அதனால வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னாடி வைக்கச் சொல்லுங்க, பாரம் இடது காலுக்குப் போகும். மூக்கு முழங்காலைத் தாண்டுற அளவு முன்னால சாயணும். 5 தடவை, மூணு செட். சுலபமானதும் போர்வையை எடுத்துடுங்க. நீங்க இடது பக்கம் நின்னு இடுப்பைப் பிடிங்க. தளர்ந்த கையைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு விலகிடும்.

காசிமேடு: வீல்சேர்ல இருக்கேன் அண்ணா. ரெண்டு தோளும் வலிக்குது.

நாள் முழுக்கத் தள்ளுறீங்க, இழுக்கிற தசைக்கு வேலையே இல்லை. பயிற்சி ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில மாட்டி, பிரேக் போட்டுட்டு, முழங்கையைப் பின்னால இழுங்க. 10 தடவை, மூணு செட், வாரம் மூணு நாள். வலி கூடினா நிறுத்திடுங்க. டயர்ல காத்தையும் பாருங்க தம்பி. காத்து குறைஞ்சா ஒவ்வொரு தள்ளுக்கும் தோள்தான் கூடுதலா உழைக்கும்.