சாம்பிள் எடுத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

தரவு அறிவியல் படித்துவிட்டு ஒரு புற்றுநோய் ஆய்வுக் குழுவில் சேர்ந்து ஓராண்டாகிறது. மருத்துவர்களோடு பேச்சு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எக்செல் கோப்பை அனுப்பி, “ஏதாவது தெரிகிறதா பாருங்கள்” என்பதோடு சரி. நான் முறையாக உயிரியல் படித்தால் இது மாறுமா? அவர்களுக்கு நிரல் எழுதப் பைத்தான் கற்றுத்தரலாமா, ஆர் கற்றுத்தரலாமா? கட்டுரையில் என் பெயர் நடுவில் எங்கோ தொலைந்துபோவதை என்ன செய்வது?

எம்.

அன்புள்ள எம்.,

பைத்தானா ஆரா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பெயர் வரிசையை வேலை தொடங்கும் முன்பே பேசி மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். கூச்சப்பட்டால் நடுவில்தான் கிடப்பீர்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த எக்செல் கோப்புதான். கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோப்பு வந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படியே நினைக்கிறீர்களே! சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிணப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்றுதான் அவரால் சொல்ல முடியும் என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே கல்கத்தா புள்ளியியல் மாநாட்டில் சொல்லிவிட்டார். இன்னும் பிணங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ரத்த சாம்பிள்களை வைத்து நோயாளிகளை மற்றவர்களிடமிருந்து கிட்டத்தட்டப் பிழையே இல்லாமல் பிரிக்கும் கணினி மாடல் ஒன்றைச் செய்தார். குழுவில் ஒரே கொண்டாட்டம். சாம்பிள்களை இயந்திரத்தில் ஏற்றிய டெக்னீஷியனிடம் போய்ப் பேசச் சொன்னேன். அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: நோயாளிகளுடையதை முதலில் ஓட்டினோம், புது ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) வந்த பிறகு மற்றவர்களுடையதை. மாடல் கண்டுபிடித்திருந்தது நோயை அல்ல, ரீஏஜென்ட் லாட்டைத்தான் (எந்தச் சரக்கு என்பதை) என்றாலும் மறுக்க வழியில்லை. நோயும் லாட்டும் அப்படி முழுதாக ஒட்டிக்கொண்டால் அப்புறம் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. முன்பே யாராவது அந்த டெக்னீஷியனைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

சின்ன ஆய்வகங்களில் மட்டும் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மாடல்களைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை மாடலால் எளிதாகச் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா அதிகமென்றால் அதற்கு அந்தத் துப்பே போதுமே! வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது பல ஒப்பீடுகளில் திறன் குறைந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் மருத்துவர் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், கோப்பு இருக்கிறது. ரத்தம் எடுத்த செவிலியர் எங்கே? ஓராண்டில் ஒருநாளாவது அந்த அறையில் போய் நின்றீர்களா? உயிரியல் தாராளமாகப் படியுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை எடுத்த சாம்பிள் திங்கள்வரை வெளியே கிடந்த கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. நிதி விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் போடத் தெரிந்த மூத்தவர்களுக்கு, திட்டமிடும் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிள்ளையை ஓராண்டு கோப்போடு தனியாக விட்டால் மனம் சோர்ந்துதான் போகும்.

கூப்பிடாவிட்டாலும் போங்கள். அடுத்த சாம்பிள் தொகுதியை எப்போது ஏற்றப்போகிறார்கள் என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். நோயாளிகளும் மற்றவர்களும் ஒவ்வொரு லாட்டிலும் கலந்து வரும்படி வரிசையைக் குலுக்கிப்போட்டு, பட்டியலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் தடவை முகம் சுளிப்பார்கள். இரண்டாவது பட்டியலையும் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.