மட்டைக்காரர் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்.

தனித்திருந்து செய்யும் தொழில்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘நள்ளிரவில் நடுக்கடலில் கப்பல்மேல் விமானத்தை இறக்கும் விமானியைப் போலத் தனியாக இருப்பவர் எவருமில்லை’ என்று ஒரு வரி வருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படச்சுருள்களில் கப்பலின் பின்மூலையில் ஒருவர் இரண்டு கைகளிலும் மட்டை பிடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அவரை விட்டுவிட்டீர்களே? கண்ணாடியும் விளக்கும் வந்த பிறகு அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று என்றும் படித்தேன். அப்படியானால் உங்கள் வரி இன்றைக்குச் சரியாகிவிடுகிறதா? இன்னொரு சந்தேகம். ஓட்டுகிறவருக்குத் தெரியாத எது ஓரத்தில் நிற்கிறவருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

விட்டுவிட்டேன் என்பது உண்மை. அந்த வரியை ஓசை நன்றாக இருக்கிறதே என்று எழுதினேன். ஆனால் மட்டைக்காரருக்கு வேலை போய்விட்டது என்று நீங்கள் படித்ததும் சரியில்லை.

அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான லாங்லி 1922ல் பணிக்கு வந்தது. அதன் துணைத்தலைவர் கென்னத் வைட்டிங், விமானங்கள் இறங்கும்போது பின்பக்க இடது மூலையில் நின்று கவனிப்பாராம். ஒருநாள் ஒரு விமானி இறங்கவும் முடியாமல் திரும்பிப் போகவும் மனமில்லாமல் தவிப்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற இரண்டு மாலுமிகளின் வெள்ளைத் தொப்பிகளைப் பிடுங்கி, அவற்றைக் காட்டியே அவரை இறக்கிவிட்டார் என்பது கடற்படையில் வழங்கும் கதை. தொப்பி பின்னால் மட்டையானது. பதவிக்கு ‘லேண்டிங் சிக்னல் ஆபீசர்’ என்று பெயர். ரேடியோவில் விமானிகள் கூப்பிடுவது ‘பேடில்ஸ்’, அதாவது மட்டைகள். கையில் மட்டை இல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்தச் சைகைகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க மட்டைக்காரர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால் ‘நீ உயரமாக வருகிறாய்’ என்று பொருள். பிரிட்டிஷ் கப்பலில் அதே சைகைக்கு ‘மேலே ஏறு’ என்று பொருள். ஒன்று நிலைமையைச் சொல்கிறது, மற்றது கட்டளையிடுகிறது. விளைவோ நேர் எதிர். 1943ல் பிரிட்டனின் விக்டோரியஸ் கப்பல் பசிபிக்கில் அமெரிக்காவின் சரடோகாவோடு சேர்ந்து இயங்கியபோது ஒரு நாட்டு விமானங்கள் மறுநாட்டுக் கப்பலில் இறங்கின. தாழ்ந்து வருகிறவருக்கு ‘ஏறு’ என்று காட்டியதை ‘உயரமாக இருக்கிறாய்’ என்று அவர் படித்துக்கொண்டால் என்ன ஆகும்! போருக்குப் பின் பிரிட்டன் தன் முறையை விட்டு அமெரிக்க முறைக்கு மாறியது. எனக்கும் அமெரிக்க முறைதான் பிடிக்கிறது. நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்கிறேன், என்ன செய்வதென்று உனக்குத் தெரியும் என்ற மரியாதை அதில் இருக்கிறது. (இது எழுதுகிறவனுக்கு வரும் கிறுக்கு. விமானியைக் கேட்டால், எது சீக்கிரம் புரிகிறதோ அதுவே நல்லது என்பார்.)

ஆனால் அங்கேயும் இரண்டு சைகைகள் கட்டளைகளே. மட்டையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் ‘கட்’: எஞ்சினை அடக்கி இறங்கு. தலைக்குமேல் வீசினால் ‘வேவ் ஆஃப்’: போய்ச் சுற்றி வா. அந்நாளையத் தளம் நேராக இருந்தது. முன்பகுதியில் மற்ற விமானங்கள் நின்றன. ‘கட்’ வாங்கியவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. விமானத்தின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் சிக்கித்தான் விமானம் நிற்கும். கம்பி தவறினால் தடுப்பு வலையில் போய் விழ வேண்டியதுதான். 1944 ஜூன் 20 இரவில், பிலிப்பைன் கடல் சண்டையிலிருந்து எரிபொருள் தீர்ந்து திரும்பியவர்களுக்காக அமெரிக்கத் தளபதி மிட்ஷர் கப்பல்களின் விளக்குகளை ஏற்றச் சொன்னார். கிடைத்த கப்பலில் கிடைத்தபடி இறங்கினார்கள். அன்று ‘வேவ் ஆஃப்’ காட்டியும் கேளாமல் இறங்கியவர்கள் உண்டு. சுற்றி வர எரிபொருள் இல்லாதவருக்கு எந்தக் கட்டளை செல்லும்? சுமார் 80 விமானங்கள் கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் போயின. ஆட்களில் பெரும்பாலோரை மீட்டுவிட்டார்கள்.

1950களில் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு நல்ல யோசனைகள் தந்தார்கள். ஒன்று, இறங்கும் பாதையைக் கப்பலின் நீளத்துக்கு நேராக வரையாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வரைவது. தரை தொட்டவுடன் எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றிவிடலாம், கம்பி சிக்காவிட்டால் அப்படியே பறந்து போய்விடலாம். இன்னொன்று நீங்கள் சொல்லும் கண்ணாடி. நிக்கலஸ் குட்ஹார்ட் என்ற அதிகாரி அதை விளக்கியது வேடிக்கையான கதை: கைக்கண்ணாடியில் உதட்டுச்சாயத்தால் ஒரு கோடு போட்டு மேசைமேல் வைத்து, டார்ச் வெளிச்சத்தின் பிம்பம் அந்தக் கோட்டிலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டே நடந்து வரச் சொன்னாராம் தன் செயலாளரை. அவருடைய முகவாய் மேசையில் வந்து இடித்தது. விமானமும் அப்படித்தான் தளத்துக்கு வரும். கண்ணாடி பிறகு லென்ஸ் விளக்காக மாறியது. பச்சை விளக்கு வரிசைக்கு நடுவே ஓர் ஒளிப்பொட்டு. அதை ‘மீட்பால்’ என்பார்கள், சுருக்கமாக ‘பால்’. மேலே போனால் நீ உயரம், கீழே போனால் தாழ்வு, சிவப்பானால் ஆபத்து.

அப்புறம் ஆள் எதற்கு? உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கடைசியில் தளத்தை நோக்கி நேராக வரும்போது கிடைப்பது 15 முதல் 18 விநாடி. விமானம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டரில் வருகிறது, அதாவது விநாடிக்கு எழுபது மீட்டர். எல்லாம் சரியாக அமைந்தாலும் கொக்கி தளத்தின் பின்விளிம்பைத் தாண்டும்போது இடைவெளி சுமார் 4 மீட்டர்தான். ஒளிப்பொட்டு நகர்வதற்குள் விமானம் நகர்ந்துவிட்டது. விளக்கு நடந்ததைத்தான் சொல்லும். ஓரத்தில் நிற்பவர் நடக்கப்போவதைப் பார்க்கிறார். மூக்கு தாழ்வதைப் பார்க்கிறார், சக்கரமும் கொக்கியும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்கிறார், எஞ்சின் ஓசை மங்குவதைக் காதால் கேட்கிறார். தளம் இன்னும் காலியாகவில்லை என்பது விமானிக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். விமானி எரிபொருள் அளவோடு ‘பால்’ (ஒளிப்பொட்டு தெரிகிறது) என்றதும் மட்டைக்காரர் ‘ரோஜர் பால்’ (சரி, கேட்டது) என்கிறார். பிறகு தேவைப்பட்டால் ‘பவர்’ (எஞ்சின் விசையைக் கூட்டு) என்று ஒரு சொல். அந்தக் குரலின் தொனியிலேயே எவ்வளவு அவசரம் என்பது தெரிந்துவிடும். கையில் ‘பிக்கிள்’ என்னும் விசை. அழுத்தினால் சிவப்பு விளக்குகள் மின்னும்: போ.

புயலில் கப்பலின் பின்பக்கம் ஏறி இறங்கும்போது லென்ஸால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது வேறொரு விளக்கை வைத்து, ஒரு கைப்பிடியால் ஒளிப்பொட்டை இவரே ஏற்றி இறக்குகிறார். இவருக்குப் பதிலாக வந்த கருவி, கடல் கொந்தளித்தால் இவர் கைக்கே திரும்பி வந்துவிடுகிறது!

இப்போது கணினி உதவி வேறு வந்து, விமானியின் திருத்தங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனாலும் 2022 ஜனவரி 24ல், தென்சீனக் கடலில், எஃப்-35சி என்ற போர்விமானத்தை ஓட்டிய ஒருவர் அந்த உதவியை இயக்க மறந்து கார்ல் வின்சன் கப்பலின் பின்விளிம்பில் மோதினார். அவரையும் சேர்த்து 7 பேருக்குக் காயம். ‘வேவ் ஆஃப்’ என்று கத்தியது தள ஓரத்து மேடையில் நின்ற மட்டைக்காரர்கள்தான். மேடைக்குக் கீழே ஒரு வலை உண்டு. விமானம் தங்களை நோக்கி வந்தால் அதில் குதித்துவிட வேண்டும்.

அவர்களும் விமானிகள்தான். நாளை அவர்களும் இதே தளத்தில் இறங்க வேண்டும், வேறொருவர் பார்த்து மதிப்பெண் போடுவார். ஆம், ஒவ்வொரு இறக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு. தலைமை விமானிக்கும் இளைய அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, எங்கே தாழ்ந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே வாசிப்பார். வாதாடுவது வழக்கமில்லை. பிறகு எல்லோரும் பார்க்க, ஓய்வறைப் பலகையில் மதிப்பெண்ணுக்கேற்பப் பச்சையோ மஞ்சளோ பழுப்போ ஏறிவிடும். வியட்நாம் போரின்போது விமானிகளின் இதயத்துடிப்பை அளந்தார்கள். குண்டு போடும் நேரத்தைவிடக் கப்பலிலிருந்து கிளம்பும்போதும் கப்பலில் இறங்கும்போதும்தான் அதிகமாகத் துடித்தது. அந்தப் பலகைக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

கட்டுரையில் ‘தனியாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன், வரி நிற்கவில்லை. முழு வரியையும் நீக்கிவிட்டேன்.