பத்திரிகைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கவுன்சலிங் போனால் நல்ல பொறியியல் கல்லூரியே கிடைக்கும். அவளோ பத்திரிகையாளர் ஆகவேண்டும் என்கிறாள், அதிலும் பெரிய நாளிதழோ டிவியோ வேண்டாம், சுயாதீன ஊடகத்தில்தான் வேலை செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "அது ஒரு வேலையா, மாசம் பிறந்தால் சம்பளம் வருமா?" என்று நீங்கள் கேட்டதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தாளாம்.

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. பெரிய முதலாளியின் பணத்தையும் அரசாங்கத்தின் தயவையும் நம்பாமல் நடப்பதுதான் சுயாதீன ஊடகம். அப்படி நம் நாட்டில் பத்திரிகை நடத்தியவர்கள் மல்லுக்கட்டியதே இந்தக் கேள்வியோடுதான். காசு எங்கிருந்து வரும்? பதில் தெரிந்தவர்கள் நின்றார்கள். தெரியாதவர்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சில இதழ்களோடு போய்விட்டார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என்ன படிக்கவேண்டும் என்பதற்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

1907-ல் சென்னை ராயப்பேட்டையில் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார், கையில் காசில்லாதவனும் வாங்கவேண்டும் என்று. அவருக்குத் தொழில் சித்த வைத்தியம். 1914-ல் அவர் இறக்கும்வரை பத்திரிகையை விடவில்லை. கையில் இன்னொரு தொழில் இருந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

அதே காலத்தில் பாரதியார் 'இந்தியா' வார இதழை நடத்திக்கொண்டிருந்தார். 1908-ல் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவரை வெள்ளைக்கார அரசு கைது செய்தது. பாரதியார் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரிக்குப் போனார், பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. அங்கே அச்சடிப்பதைத் தடுக்க முடியாத பிரிட்டிஷ் அரசு, தன் எல்லைக்குள் அது நுழையக்கூடாது என்று தடை போட்டது. சந்தா கட்டியவர்கள் எல்லாம் இந்தப் பக்கம், அச்சகம் அந்தப் பக்கம். 1910-ல் 'இந்தியா' நின்றுபோனது. எழுத ஆளிருந்தும் வாசகர் கைக்குப் போய்ச் சேரும் வழி அடைபட்டால் பத்திரிகை இல்லை.

அப்புறம் ஜாமீன் தொகை வந்தது. 1910 சட்டமும் 1931 சட்டமும் பத்திரிகைகளிடம் முன்பணம் கட்டச் சொல்லின. எழுதியது பிடிக்காவிட்டால் அந்தப் பணம் பறிபோகும். சின்னப் பத்திரிகையை மூட இது போதும். ஈரோட்டில் 1925-ல் பெரியார் தொடங்கிய 'குடிஅரசு' மீது 1933-ல் ஒரு தலையங்கத்துக்காக வழக்கு வந்தது. பெரியாரும், பதிப்பாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். 'குடிஅரசு' நின்ற இடத்தில் 'புரட்சி' வந்தது, அதுவும் நின்றபோது 'பகுத்தறிவு' வந்தது. கண்ணம்மாள் பெயரை வேண்டுமென்றே சொல்கிறேன். பதிப்பாளர் என்று கையெழுத்துப் போடுகிறவர் வழக்கையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார். இது இன்றைக்கும் மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழில் வந்த சிற்றிதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். புதுக்கவிதையும் விமர்சனமும் தமிழில் வேர்பிடித்ததில் அந்த இதழுக்குப் பெரும்பங்கு உண்டு. அவரே புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக விற்றார். 1970-ல் நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் நேரடியாகவே தெரியும். கல்லூரி முடித்த புதிதில் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினேன். அட்டையின் கீழே 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்போம். முறையாகப் பதிவு செய்யாத இதழ்கள் அப்படித்தான் போட்டுக்கொள்ளும். பதிவு எண் இல்லாததால் பத்திரிகைகளுக்கான தபால் சலுகையும் கிடையாது, ஒவ்வொரு பிரதிக்கும் முழு ஸ்டாம்ப். ராத்திரி உட்கார்ந்து பழுப்புத் தாளில் சுற்றி, பசை தடவி, முகவரி எழுதுவோம். விரல் நகத்தில் பசை காய்ந்து இரண்டு நாள் போகாது. கவிதையைப் பற்றி விடியவிடிய சண்டை போட்ட நாங்கள், யார் சந்தா முடிந்தது, யாருக்கு நினைவூட்டல் கார்டு போடவேண்டும் என்று ஒரு நோட்டுப் போடவில்லை. ஐந்தாவது இதழுக்கு அச்சகத்தில் பாக்கி நின்றது. ஆறாவது இதழ் வரவே இல்லை. நல்ல கதைகள் கையில் இருந்தன, அம்மா. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தபோது டெல்லியில் நாளிதழ் அலுவலகங்கள் இருந்த தெருவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள், தணிக்கை வந்தது. இதை உங்கள் மகள் ஏற்கெனவே படித்திருப்பாள்.

வானொலி கதை வேறு. 1995-ல்தான் உச்ச நீதிமன்றம் அலைக்கற்றை பொதுச் சொத்து, அரசாங்கத்தின் தனிச்சொத்து இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காக நடக்கும் சின்ன வானொலி, தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி 2006-ல் வந்தது. 2008-ல் இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிக்க ஆரம்பித்தது. விதை, மழை, பாட்டு, வீட்டு வைத்தியம் என்று அவர்கள் பேச்சிலேயே நிகழ்ச்சிகள். ஆனால் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு என்னிடம் வானொலி ஆசையோடு வரும் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

உங்கள் பயம் பெண் பிள்ளை என்பதிலும் இருக்கிறது என்று கடிதத்தில் தெரிந்தது. அதனால் 'கபர் லஹரியா' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டம், வறண்ட பூமி. 2002-ல் அங்கே கிராமத்துப் பெண்கள், பலர் தலித் பெண்கள், புந்தேலி மொழியில் ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். பெண்களின் எழுத்தறிவுக்காக வேலை செய்த நிரந்தர் என்ற டெல்லி அமைப்பு கைகொடுத்தது. செய்தி சேகரித்த பெண்களே தாளைக் கொண்டுபோய் ஊர் ஊராக விற்றார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, ரேஷன் வரவில்லை, பெண்ணை அடித்தார்கள், போலீஸ் புகாரை வாங்கவில்லை, இவைதான் செய்திகள். 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. பிற்பாடு கைபேசி வீடியோவுக்கு மாறினார்கள், சம்பல் மீடியா என்று நிறுவனமாகவும் ஆனார்கள். ஆபத்து இல்லையா என்றால், உண்டு. அவர்கள் அதைக் கூட்டாகச் சமாளிக்கிறார்கள். உங்கள் மகளும் தனியாளாக ஒரு சேனல் தொடங்குவதைவிட ஒரு குழுவில் சேர்ந்து வேலை கற்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இப்போது இணையம். நியூஸ்லாண்டரி என்ற செய்தித்தளம் 2012-ல் வந்தது, வாசகர் சந்தாவை நம்புகிறது. ஸ்க்ரோல், நியூஸ் மினிட் 2014-லும், வயர் 2015-லும், போலிச் செய்திகளைச் சரிபார்க்கும் ஆல்ட் நியூஸ் 2017-லும் வந்தன. 2014 டிசம்பரில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய பாரி என்ற தளம், கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்துகிறது. நன்கொடையில் நடக்கிறது, கட்டுரைகள் தமிழிலும் வருகின்றன. அச்சகப் பாக்கியும் தபால் செலவும் இவர்களுக்கு இல்லை, ஆனால் காசுக் கேள்வி போய்விடவில்லை. செய்தி நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கச் சட்டம் விடாது. டிஜிட்டல் செய்தியில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 2019-ல் 26 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள், அதற்கும் அரசு அனுமதி வேண்டும். மிச்சமிருப்பது சந்தா, உள்நாட்டு நன்கொடை, அறக்கட்டளை நிதி, விளம்பரம். நூறு பேர் வேலை செய்யும் இடங்கள் அதிகம் இல்லை. சம்பளம் உண்டு, ஆனால் ஐடி கம்பெனியோடு ஒப்பிடவே வேண்டாம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, என்ன படிக்க வைக்கலாம்?

இளங்கலையில் ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கட்டும். பொருளாதாரம், புள்ளியியல், வரலாறு, இல்லாவிட்டால் ஐந்து வருடச் சட்டப் படிப்பு. என்னைக் கேட்டால் சட்டம் அல்லது பொருளாதாரம். பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்தவரும், தீர்ப்பை எடுத்துப் படித்து நாலு பத்தியில் எளிய தமிழில் சொல்லத் தெரிந்தவரும் ஊடகத்தில் குறைவு. அயோத்திதாசருக்கு வைத்தியம் இருந்த மாதிரி இவளுக்கும் கையில் ஒன்று இருக்கும். நாளைக்கே மனம் மாறினாலும் வக்கீலாகலாம், வங்கித் தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். உங்களுக்கும் ராத்திரி தூக்கம் வரும். விஸ்காம் எனப்படும் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. கேமரா, எடிட்டிங், வடிவமைப்புதான் அவள் ஆசை என்றால் அதுவே சரி. அவள் செய்தி எழுதத்தான் விரும்புகிறாள் என்றால் பத்திரிகைப் படிப்பை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. செலவு கூடுதல்தான், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். டெல்லியில் 1965 முதல் நடக்கும் மத்திய அரசின் பத்திரிகைப் படிப்பு நிறுவனமான ஐ.ஐ.எம்.சி. இருக்கிறது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கேட்கவேண்டியது ஒன்றுதான், மாணவர்கள் நடத்தும் பத்திரிகையோ வானொலியோ உண்மையிலேயே நடக்கிறதா? கடைசியாக வந்த இதழைக் காட்டச் சொல்லுங்கள்.

படிக்கும் வருடங்களில் அவள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை தகவல் அறியும் உரிமை மனு. 2005 சட்டம், கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். என்னிடம் வந்த ஒரு மாணவியை, அவள் தெருவில் பூட்டிக் கிடந்த நூலகத்தைப் பற்றி மனுப் போடச் சொன்னேன். வெள்ளைத் தாளில் கையால் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை டைரியில் ஒட்டி வைத்துக்கொண்டாள். பதில் அரைப் பக்கம்தான் வந்தது. அந்த அரைப் பக்கத்தை வைத்து அவள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு அவள் அப்பா என்னிடம் வேறு படிப்பு பற்றிப் பேசவே இல்லை.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் நம் பேச்சு மாதிரி எழுதத் தெரிந்தால் படிக்கும்போதே சிறு வருமானம் வரலாம். மூன்றாவது, கணக்கு. ஒரு இதழை, ஒரு தளத்தை நடத்த மாதம் எவ்வளவு ஆகும், எத்தனை சந்தா வந்தால் கட்டுப்படியாகும் என்று எக்செலில் போடத் தெரியவேண்டும். எழுதுகிற பிள்ளைகள் இதைக் கீழான வேலை என்று நினைக்கிறார்கள், எங்கள் ஐந்தாவது இதழை நான் இவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

வேலைக்குச் சேரும்போது நீங்களும் கூட உட்கார்ந்து சில விஷயம் விசாரியுங்கள். உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது? சுயாதீனம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கட்சிக்காகப் பேசும் யூடியூப் சேனல்களும் உண்டு. நியமனக் கடிதமும் பி.எஃப்.பும் தருவார்களா? வெளியூர் போனால் பஸ் செலவும் தங்கும் இடமும் யார் பொறுப்பு? வழக்கு வந்தால் வக்கீல் யார்? அவதூறு இன்றும் நம் நாட்டில் குற்றவியல் வழக்காக வரும், 2024 ஜூலையிலிருந்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. வக்கீல் யார் என்ற கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். சம்பளமில்லாத பயிற்சி இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலும் வேண்டாம்.

பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி யாருடைய பேச்சு வெளியே வரவில்லையோ அதை எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இருபத்தைந்து வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படிக் கேட்டு வருகிறவர்கள் அதிகம் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். உங்கள் தெருவில் நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு பேரிடமாவது நேரில் பேசி எழுதியிருக்க வேண்டும். மார்க் ஷீட் இப்போதைக்குத் தேவையில்லை.