எட்டு வயதிலேயே கிளிப் போட வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. மேல்வரிசை முன்பற்கள் எடுப்பாக நிற்கின்றன. இப்போது ஓராண்டு, பிறகு 12 வயதில் மறுபடியும் என இரண்டு கட்டமாகச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னார். பால்பற்கள் எல்லாம் விழுந்த பிறகு ஒரே முறையாகக் கிளிப் போட்டால் போதும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: இரண்டுமே நடைமுறையில் உள்ள வழிகள்தாம். 6 வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. அதிலிருந்து ஏறக்குறைய 12 வயது வரை வாயில் பால்பற்களும் நிரந்தரப் பற்களும் கலந்தே இருக்கும். இந்தப் பருவத்தில், பெரும்பாலும் 7 முதல் 10 வயதுக்குள், தாடையின் வளர்ச்சியையோ கடிப்பையோ (மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்) திருத்துவது முதல் கட்டம். பின்னர் ஓர் இடைவெளி விட்டு, நிரந்தரப் பற்கள் முளைத்த பிறகு கிளிப் போட்டு வரிசைப்படுத்துவது இரண்டாம் கட்டம். முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது வேண்டியிருக்காது என்று பெற்றோர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படவே செய்யும். ஆகவே, காத்திருந்தால் என் குழந்தைக்கு எது கைநழுவிப் போகும் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால்தான் முதல் கட்டத்துக்கு நியாயம் இருக்கிறது.

எடுப்பான முன்பற்களைப் பொறுத்தவரை இதற்கு ஆய்வுகளே விடை தந்திருக்கின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சிறுவயதிலும் மற்றவர்களுக்கு விடலைப் பருவத்திலும் சிகிச்சை அளித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு அந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட அறிக்கையின்படி, முடிவில் இரு பிரிவினரின் பற்களும் கடிப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. முன்கூட்டியே தொடங்கியவர்களுக்குக் கிடைத்த தெளிவான நன்மை ஒன்றுதான்: விழுந்தோ மோதியோ முன்பல்லில் அடிபடுவது அவர்களிடம் குறைவாக இருந்தது.

எனவே, உங்கள் மகளின் பற்கள் உதடுகள் மூட முடியாத அளவுக்கு முன்னே நிற்கின்றனவா, ஓடியாடும்போது அடிக்கடி விழுகிறாளா, பள்ளியில் கேலிக்கு ஆளாகி மனம் வாடுகிறாளா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் கட்டத்தை இப்போதே தொடங்குவதை நான் ஆதரிப்பேன். இல்லையென்றால், வளர்ச்சி வேகம் பிடிக்கும் காலம் வரை பொறுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு அது ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 2 ஆண்டுகள் முன்னதாகவே வருவதால், 12 வயது வரட்டும் என்று விட்டுவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வாருங்கள். குழந்தையின் பொறுமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 8 வயதில் பற்களைத் திருத்தும் தகடு அணிந்து சலித்துப்போன பிள்ளை, ஒத்துழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் இரண்டாம் கட்டத்தில் முகம் திருப்பிக்கொள்வதும், சரியாகப் பல் துலக்காமல் கிளிப்பைச் சுற்றிச் சொத்தை விழுவதும் மருத்துவர்கள் அடிக்கடி காண்பவை.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. கடிக்கும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே வந்து நிற்கின்றன. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பதில்: இதில் மட்டும் காத்திருக்காதீர்கள். ஓரிரு பற்கள் சாய்ந்து முளைத்ததாலும் இப்படி நேரலாம்; மேல்தாடை போதிய அளவு வளராததாலும், கீழ்த்தாடை மிகுதியாக வளர்வதாலும் நேரலாம். பற்கள் மட்டும் சாய்ந்திருந்தால் சில மாதங்களில் எளிய தகட்டினாலேயே திருத்திவிடலாம். மேல்தாடை பின்தங்கியிருந்தால், நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி நின்று ரப்பர் வளையங்களால் அதை முன்னோக்கி இழுக்கும் முகச்சட்டம் உதவும். அது 10 வயதுக்கு முன் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். வீட்டில் இருக்கும் நேரத்திலும் உறக்கத்திலுமாக நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் அணிய வேண்டியிருக்கும்.

மேல்தாடை குறுகியும் இருந்தால், அதை அகலப்படுத்தும் விரிப்பான் என்ற கருவியை அண்ணத்தில் பொருத்துவார்கள். அண்ணத்தின் இரு பாதி எலும்புகளும் நடுவில் சேரும் பொருத்து சிறுவயதில் நெகிழ்ந்து கொடுக்கும். விடலைப் பருவத்தில் இறுகத் தொடங்கிவிடும். விரிப்பானின் திருகைச் சிறு சாவியால் பெற்றோரே திருப்ப வேண்டும். ஒரு திருப்பத்துக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விரியும். சில நாட்களில் மேல் முன்பற்களின் நடுவே இடைவெளி தோன்றும்போது பதறி நிறுத்திவிடாதீர்கள். எலும்பு விரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். அங்கே புது எலும்பு உருவாக வேண்டும் என்பதால், திருப்புவது முடிந்த பிறகும் சில மாதங்கள் விரிப்பான் வாயிலேயே இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழ்த்தாடை பெரிதாக வளர்வது குடும்பவழியாக வருவதாக இருந்தால், இவ்வளவு செய்த பிறகும் சில பிள்ளைகளுக்கு வளர்ச்சி முடிந்தபின் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்த வாய்ப்பைக் குறைப்பதற்காகவே இப்போது முயல்கிறோம்.

கேள்வி: சொத்தையால் 6 வயது மகளின் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. அந்த இடத்தில் நிரந்தரப் பல் முளைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் பின்னாலுள்ள நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். இடத்தைக் காக்கும் சிறிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்திக்கொண்டால், பின்னாளில் பெரிய சிகிச்சை தேவைப்படாமலே போகலாம்.

கேள்வி: 8 வயது மகனின் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ரப்பர் வளையம் மாட்டினால் மூடிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல்லின் வேர் கூம்பு வடிவமானது. ஆகையால் வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறிச் சென்று, கண்ணுக்குத் தெரியாமலே வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். நல்ல பற்களே இப்படி ஆடி விழுந்திருக்கின்றன. இந்த வயதில் 2 மில்லிமீட்டருக்குட்பட்ட இடைவெளி இயல்பானது. 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானாக மூடிவிடும். அதைவிட அகலமாக இருந்தால், நடுவே கூடுதல் பல் ஏதேனும் எலும்புக்குள் புதைந்திருக்கிறதா என்று ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வளையம் மாட்டி அது காணாமல் போயிருந்தால், விழுந்துவிட்டது என்று எண்ணாமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.